ஒரு மழை பாத்தா போதுமா? மண்ணடிச்ச எடம் எவ்ளோ எறங்கும், எத்தன நாள் எறங்கும்னு கணக்கு போடுறது எப்படி

நம்ம ராம்நாடு கடலோரத்துல மனை வாங்குன எவரும் மொதல்ல செய்ற வேல டிப்பர்ல கிராவல் கொண்டாந்து கொட்டி மேடாக்குறது தான், தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினத்துல ஆரம்பிச்சு அந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும் இதே கதை, ஐப்பசி கார்த்திகையில தண்ணி எங்கெங்க நிக்கும்னு எல்லாருக்கும் தெரியும்ல. அடிச்ச பெறகு மேஸ்திரி சொல்ற ஒரே வாக்கு: "ஒரு மழை பாத்துட்டு வேலைய ஆரம்பிங்க." இந்த வாக்கு தப்பில்ல, ஆனா பாதி தான் சரி. கொட்டுன கிராவல் மழையில நனைஞ்சு, கட்டியெல்லாம் ஒடஞ்சு, இடுக்குல போயி ஒக்காந்துரும், அதுக்கு ஒரு மழை போதும். அதுக்குக் கீழ களிமண் இருந்துச்சுன்னா அது மழையக் கேட்டு எறங்காது, தன் பாட்டுக்கு மாசக்கணக்குல, சில எடத்துல வருசக்கணக்குல எறங்கிக்கிட்டே இருக்கும். அத எப்படி கண்டுபிடிக்கிறது, எப்படி கணக்கு போடுறதுன்னு தான் சொல்லப் போறேன். சிவில் டிப்ளமோ முடிச்சு சைட்டுக்கு வந்த தம்பிங்களுக்கும், சொந்தமா நின்னு வீடு கட்டுறவங்களுக்கும் புரியிற மாதிரி தான் எழுதுறேன், லாக் பட்டன் இருக்க ஒரு கால்குலேட்டர் மட்டும் பக்கத்துல வச்சுக்கங்க.

மொதல்ல களிமண் ஏன் மெதுவா எறங்குது? ஊறவச்சு அரைச்ச அரிசி மாவுல தண்ணி கூடிப்போச்சுன்னா வீட்டுல என்ன செய்வாங்க, துணியில கட்டி மேல அம்மிக்குழவிய தூக்கி வச்சிருவாங்க. வச்ச ஒடனே மாவு சுருங்குறதில்ல, தண்ணி துணி வழியா கசியக் கசிய மூட்டை கொஞ்சம் கொஞ்சமா சின்னதாகும். கசிவு நின்னுச்சுன்னா சுருங்குறதும் நின்னுரும். களிமண்ணுலயும் அதே தான் நடக்குது. பாரத்த வச்ச அந்த நிமிசம் பாரம் பூராவையும் மண்ணுக்குள்ள இருக்க தண்ணி தான் தாங்குது, தண்ணி வெளியேற வெளியேற பாரம் மண் துகளுக்கு மாறுது, துகள்கள் நெருங்குது, தரை எறங்குது. இதுக்குப் பேரு தான் கன்சாலிடேஷன். மணல்ல ஓட்டை பெருசு, தண்ணி ஒடனே ஓடிரும், அதனால கட்டும்போதே எறங்கி முடிஞ்சிரும். களிமண்ணுல ஓட்டை கண்ணுக்கே தெரியாது. டெர்சாகிங்குற என்ஜினியர் இஸ்தான்புல்ல காலேஜ்ல பாடம் எடுத்துக்கிட்டே களிமண்ண வளையத்துக்குள்ள வச்சு அமுக்கி அமுக்கிப் பாத்து தான் இந்தக் கணக்க கண்டுபிடிச்சாரு, 1925-ல புத்தகமா போட்டாரு, நூறு வருசம் ஆகியும் நாம அதே வளையத்த வச்சுத்தான் டெஸ்ட் பண்றோம்.

ஒண்ணு பிரிச்சுக்கங்க. முதுகுளத்தூர், கமுதி பக்கம் கரிசல் மண்ணுல வீடு வெடிக்கிறது வேற நோய். அது மழையில உப்பும், கோடையில சுருங்கும், விரிசல் ஒரு சீசன்ல தொறந்து இன்னொரு சீசன்ல மூடும். நான் சொல்றது ஒரே தெசையில போறது, கீழ மட்டும் தான், திரும்ப வராது. விரிசல் மேல பென்சில்ல தேதி போட்டு ரெண்டு முனையிலயும் கோடு கிழிச்சு வச்சா ஒரு வருசத்துல எது எதுன்னு தெரிஞ்சிரும்.

இப்ப எடத்துக்கு வருவோம். பாம்பன் தீவுப் பக்கம் பெரும்பாலும் மணலும் கடற்பாறையும் தான், அங்க இந்தக் கவலை கொறச்சல். ஆனா உப்பளம் ஓரம், பழைய கழி (கடல் தண்ணி உள்ள வந்து போற ஓடை) ஓரம், கண்மாய்க்கு கீழ தூர்ந்துபோன பள்ளம், ஆத்தங்கரைப் பக்கம் வைகை கடல்ல சேர்ற மாதிரி முகத்துவாரம், காரங்காடு மாதிரி அலையாத்தி காட்டுக்கு பக்கத்துல, இங்கெல்லாம் நான் பாத்த வரைக்கும் மேல நாலஞ்சு அடி நல்ல மணல் இருக்கும், அதுக்குக் கீழ கழிச் சேறு படிஞ்ச களி ஒளிஞ்சிருக்கும், அதுக்கும் கீழ திரும்ப மணல். ஏமாத்துறதே அந்த மேல் மணல் தான். மூணு அடி குழி தோண்டிப் பாக்குறவன் கண்ணுக்கு மணல் மட்டும் தான் தெரியும், அதுக்கு மேல தோண்டுனா தண்ணி ஊறி குழி சரிஞ்சிரும், "மணல் தான் சார், கடக்கால் அருமையா நிக்கும்"னு சொல்லிட்டு மூடிருவான்.

நானே அப்படி மூடுனவன் தான், அதனால தான் இவ்ளோ நீட்டுறேன். வேலைக்குச் சேந்த புதுசுல ஈசிஆர் ஓரமா ஒரு ஊர்ல ஒரு சபுராளி (வெளிநாட்டுல சம்பாதிக்கிறவர்) வீடு. ரெண்டு மாச லீவுல வந்திருந்தாரு, போறதுக்குள்ள மண்ணடிச்சு கடக்கால் போட்டு ப்ளிந்த் பீம் (தரை மட்டத்துல சுத்தி ஓடுற கான்கிரீட் உத்திரம்) வரைக்கும் கொண்டாந்துரணும்னு அவசரம். நான் மண்ணு பாக்க போர் போட்டு 3 மீட்டர்ல நிறுத்திட்டேன், அது வரைக்கும் மணல், எஸ்பிடி (சம்மட்டிய விழவிட்டு குழாய மண்ணுல எறக்க எத்தன அடி வேணும்னு எண்ணுற டெஸ்ட்) அடி எண்ணிக்கையும் 14 வந்துச்சு, நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டேன். களி 3.5 மீட்டர்ல ஆரம்பிச்சிருக்கு. மூணு வருசம் கழிச்சு வாசப்படிக்கும் வீட்டுக்கும் நடுவுல ரெண்டு வெரல் போற அளவு பொளவு, கக்கூஸ் பைப்பு வாட்டம் திரும்பி தண்ணி வீட்டப் பாத்து வருது. அவரு போன்ல "தம்பி, நீங்க தானே மண்ணு பாத்தீங்க"ன்னு ஒரே ஒரு வார்த்தை தான் கேட்டாரு, திட்டிருந்தாக்கூட பரவால்ல.

அதனால மொத விதி, போர் ஆழத்த வீட்டு அகலத்த வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க. காலம் (தூண்) ஃபுட்டிங்கோட பாரம் கீழ போகப் போக பரவிக் கொறஞ்சிரும். ஆனா மனை பூரா அடிக்கிற கிராவல் அப்படி கொறையாது, அகலமான பாரம்ங்குறதால ஆழத்துலயும் கிட்டத்தட்ட முழுசா போயி ஒக்காரும். களி முடியிற வரைக்கும் போங்க, அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு ஒரு மீட்டராவது பாருங்க, ஏன்னா கீழ மணலா இல்ல கெட்டி களியாங்குறது நேரக் கணக்கையே தலைகீழா மாத்திரும், அது பின்னாடி வருது. சின்ன வீட்டுக்கு பெரிய ரிக் வேணாம், கேசிங் (துளை சரியாம தாங்குற குழாய்) விட்டு கை ஆகர்ல (கையால திருகித் துளைக்கிற கருவி) 6 மீட்டர் போகலாம். மண்ணு கைக்கு வந்த ஒடனே கட்டை விரல வச்சு அமுக்குங்க: லேசா அமுக்குனதுக்கே விரல் உள்ள போச்சுன்னா மெதுக் களி, கையில பிடிச்சு பிசைஞ்சா விரல் இடுக்கு வழியா பிதுங்கிச்சுன்னா ரொம்ப மெது. எஸ்பிடி அடி எண்ணிக்கை 4-க்கு கீழ வந்தாலும் அதே அர்த்தம். கருப்பா, அழுகுன முட்டை நாத்தம் அடிச்சா உள்ள மக்குன தழை இருக்கு, அது இன்னும் மோசம். சிப்பி, மெல்லிசா மணல் கோடு வந்துச்சுன்னா எத்தனாவது அடியில வந்துச்சுன்னு கட்டாயம் எழுதுங்க, கணக்குல அதுக்கு மதிப்பு இருக்கு. தண்ணி எத்தன அடியில நிக்குதுன்னு மறுநாள் காலைல போயி அளக்குங்க, போர் போட்ட ஒடனே அளந்தா தப்பா வரும்.

களியில இருந்து கலையாத சாம்பிள் எடுக்கணும், மெல்லிசான ஸ்டீல் ட்யூப்ப தட்டாம ஒரே அமுக்கா அமுக்கி எடுக்குறது. ரெண்டு முனையிலயும் மெழுகு ஊத்தி மூடி, ஈரச் சாக்குல சுத்தி, நெட்டுக்குத்தா நிக்க வச்சுக் கொண்டு போங்க. டிப்பர்ல பின்னாடி போட்டு மதுரை வரைக்கும் குலுக்கிக்கிட்டு போனா அது சாம்பிள் இல்ல, சேறு. நான் மடியில வச்சு பஸ்ல கொண்டு போயிருக்கேன், பக்கத்து சீட்டு அம்மா "என்ன தம்பி, நெய்யா"ன்னு கேட்டாங்க.

லேப்ல நடக்குறது ஐஎஸ் (இந்தியத் தர விதி) 2720 பகுதி 15-ல சொன்ன டெஸ்ட். 60 மில்லிமீட்டர் விட்டம், 20 மில்லிமீட்டர் உயரம், ஒரு பித்தளை வளையத்துக்குள்ள மண்ணு, மேலயும் கீழயும் தண்ணி போற கல்லு. 25, 50, 100, 200, 400, 800 கிலோபாஸ்கல்னு பாரத்த ஒவ்வொரு தடவையும் ரெட்டிப்பா ஏத்துவாங்க, ஒவ்வொண்ணையும் 24 மணி நேரம் விடுவாங்க. 10 கிலோபாஸ்கல்னா சதுர மீட்டருக்கு ஒரு டன்னுன்னு மனசுல வச்சுக்கங்க, போதும். நம்ம பக்க களி உப்புத் தண்ணியில ஊறிக் கெடந்தது, அதனால வளையம் ஒக்கார்ற செல்லுல (கிண்ணத்துல) குழாய்த் தண்ணிக்கு பதிலா சைட்டுல எடுத்த தண்ணிய ஊத்தச் சொல்லுங்க, ஒரு கேன்ல நீங்களே கொண்டு போயிருங்க. ரிப்போர்ட்டுல "செட்டில்மென்ட் இவ்வளவு"ன்னு ஒரு வரி மட்டும் வாங்கிட்டு வந்துறாதீங்க. ஆரம்ப வாய்டு ரேஷியோ (துகள் அளவுக்கு ஓட்டை எத்தன பங்கு), அமுங்கு குறியீடு (பாரம் பத்து மடங்கானா வாய்டு ரேஷியோ எவ்ளோ கொறையும்), திரும்ப அமுக்குற குறியீடு (முன்னாடியே தாங்குன பாரத்துக்குள்ள இருக்கும்போது அதே கணக்கு), பழைய அழுத்தம், அப்புறம் ஒவ்வொரு பாரத்துக்கும் மண்ணு எவ்ளோ அமுங்குச்சுன்னு நிமிச வாரியா எடுத்த டயல் ரீடிங், இதெல்லாம் கேட்டு வாங்குங்க. டயல் ரீடிங்க தர யோசிப்பாங்க, விடாதீங்க.

பழைய அழுத்தம்னா என்ன? இந்தக் களி இதுக்கு முன்னாடி அதிகபட்சம் எவ்வளவு பாரம் தாங்கியிருக்குங்குற ஞாபகம். கண்மாய் களி கோடையில காஞ்சு பாளம் பாளமா வெடிக்குதுல்ல, அந்தக் காய்ச்சலே மண்ணுக்கு ஒரு பாரம் தான். அப்படி ஒரு தடவ இறுகுன களி அந்த அளவு வரைக்கும் ரொம்பக் கொஞ்சமா தான் அமுங்கும், தாண்டுன பெறகு தான் வேகம் எடுக்கும். கிராஃபுல வளைவு திரும்புற எடத்துல இத எடுக்குறது காசாகிராண்டேங்குற மண்ணு என்ஜினியர் 1936-ல சொன்ன முறை. சாம்பிள் கலங்கிப் போச்சுன்னா இந்தத் திருப்பமே மழுங்கிரும், அதனால கிராஃபு வழவழன்னு ஒரே வளைவா வந்துச்சுன்னா சாம்பிள் மேல சந்தேகப்படுங்க.

சரி, எவ்ளோ எறங்கும்? ஒரு கணக்க முழுசா போட்டுக் காட்டுறேன். நான் எடுத்துக்குற மண்ணு இது: மேல 1.5 மீட்டர் மணல், அதுக்குக் கீழ 3 மீட்டர் மெதுக் களி, அதுக்குக் கீழ கெட்டி மணல், தண்ணி மட்டம் 1 மீட்டர்ல. களிக்கு லிக்விட் லிமிட் (களி சேறா ஓட ஆரம்பிக்கிற ஈர அளவு) 60, ஈரம் 52 சதவீதம், அப்ப வாய்டு ரேஷியோ 1.4 வரும் (0.52-ஐ துகளோட ஒப்படர்த்தி 2.7-ஆல பெருக்குனா போதும், தண்ணிக்குள்ள கெடக்குற களிக்கு இது சரியா வரும்). அமுங்கு குறியீடு லேப்ல வரலன்னா டெர்சாகியும் பெக்குங்குற இன்னொரு என்ஜினியரும் சொன்ன குறுக்கு வழி: லிக்விட் லிமிட்ல 10-ஐ கழிச்சு 0.009-ஆல பெருக்குங்க. 50 பெருக்கல் 0.009, 0.45. குறுக்கு வழி குறுக்கு வழி தான், இறுதி முடிவுக்கு லேப் நம்பர எடுங்க.

களியோட நடுப்பகுதி தரையில இருந்து 3 மீட்டர்ல இருக்கு. அங்க இப்ப இருக்க பாரம்: தண்ணிக்கு மேல மணல் 1 மீட்டர், கன மீட்டருக்கு 17 கிலோநியூட்டன் வீதம் 17 கிலோபாஸ்கல். தண்ணிக்குள்ள மணல் அரை மீட்டர், அதுக்கு தண்ணி மிதப்பு போக 9.2 தான் கணக்கு, 4.6. களி 1.5 மீட்டர், மிதப்பு போக 7 வீதம் 10.5. கூட்டுனா 32.1 கிலோபாஸ்கல். தண்ணி மிதப்ப கழிக்க மறக்குறது தான் புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு, கழிக்கலன்னா எறக்கம் கம்மியா தெரியும், சந்தோசமா இருக்கும், அவ்வளவு தான்.

இப்ப 1.5 மீட்டர் கிராவல் அடிக்கிறோம், கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் வீதம் 27 கிலோபாஸ்கல். சூத்திரம்: அமுங்கு குறியீடு பெருக்கல் களி கனம், அத ஒண்ணு கூட்டல் வாய்டு ரேஷியோவால வகுத்து, வர்றத லாக்கால பெருக்கணும். லாக்குக்குள்ள புது பாரம் வகுத்தல் பழைய பாரம். 0.45 பெருக்கல் 3 வகுத்தல் 2.4, அது 0.5625. 59.1 வகுத்தல் 32.1, அது 1.84, லாக் எடுத்தா 0.265. பெருக்குனா 0.149 மீட்டர். பதினஞ்சு சென்டிமீட்டர், அதாவது அரை அடி! வீடு இன்னும் ஒரு செங்கல் கூட வைக்கல.

வீட்டப் பாப்போம். 12 காலம், ஒவ்வொண்ணும் 180 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட 18 டன்னு, ஃபுட்டிங் 1.5 மீட்டர் சதுரம், பழைய தரை மட்டத்துல ஒக்காருதுன்னு வைங்க. ரெண்டுக்கு ஒண்ணு வாட்டத்துல (ரெண்டு மீட்டர் கீழ போனா ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர்) பாரம் பரவுதுன்னு எடுத்தா 3 மீட்டர் கீழ போகும்போது 4.5 மீட்டர் சதுரமா விரிஞ்சிரும், 180 வகுத்தல் 20.25, 8.9 கிலோபாஸ்கல். கிராவல் ஏற்கனவே முழுசா எறங்கியாச்சுன்னா இது தர்ற எறக்கம் 34 மில்லிமீட்டர். ஆனா காலம் எல்லாம் மூணு நாலு மீட்டர் தள்ளித் தான் நிக்குது, பாரம் 4.5 மீட்டருக்கு விரிஞ்சா பக்கத்து காலத்தோட பாரம் மேல ஏறுதுல்ல, அதனால 10-க்கு 8 மீட்டர் வீட்ட ஒரே பலகையா நெனச்சு திரும்ப போடுங்க: மொத்தம் 2160 கிலோநியூட்டன், 13-க்கு 11 மீட்டரா விரியுது, 15.1 கிலோபாஸ்கல், எறக்கம் 56 மில்லிமீட்டர். ஐஎஸ் 1904 களிமண்ணுல தனித் தனி ஃபுட்டிங் போட்ட கான்கிரீட் கட்டடத்துக்கு 75 மில்லிமீட்டர் வரைக்கும் விடுது, அப்ப வீடு மட்டும்னா தப்பிச்சிரும்.

பாத்தீங்களா, வீட்டுக்கு 56, மண்ணடிச்சதுக்கு 149. வீட்டுக்காரர் ஸ்டீலுக்கும் சிமெண்டுக்கும் பேரம் பேசுவாரு, இன்னும் ரெண்டு அடி சேத்து அடிங்கன்னு டிப்பர்காரர்கிட்ட சொல்லும்போது யாரும் கணக்கே கேக்குறதில்ல. நான் இந்த விசயத்துல சொல்ல வர்றதே இது தான், நம்ம கடலோரத்துல வீட்ட எறக்குறது வீடு இல்ல, அதுக்கு அடியில அடிச்ச கிராவல்.

இதே கணக்குல பழைய அழுத்தம் 60 கிலோபாஸ்கல்னு லேப்ல வந்துச்சுன்னா கதை மாறிரும். கிராவல் போட்டு 59.1 தான் ஆகுது, பழைய ஞாபகத்துக்குள்ளயே நிக்குது, அப்ப 0.45-க்கு பதிலா திரும்ப அமுக்குற குறியீடு, 0.07-னு வைங்க, அத போட்டா 149 வெறும் 23 மில்லிமீட்டர் ஆயிரும். டெஸ்டுக்கு செலவு பண்ண யோசிக்கிறவங்ககிட்ட இந்த ரெண்டு நம்பரையும் காட்டுங்க.

மனை ஓரத்த மறந்துறாதீங்க. அகலமா அடிச்ச மண்ணோட விளிம்புக்கு நேர் கீழ பாதி பாரம் தான் போகும், 13.5-ஐ போட்டா 86 மில்லிமீட்டர். நடுவுல 149, ஓரத்துல 86. நாம மண்ணடிச்சதுக்கு பக்கத்து வீட்டுச் சுவர் நம்ம பக்கமா சாயுறதும், பங்காளிச் சண்டை ஆரம்பிக்கிறதும் இந்த வித்தியாசத்துல தான். களி கனமா இருந்தா, 3 மீட்டருக்கு மேல போனா, ஒண்ணா போடாம ஒரு மீட்டர் ஒன்ற மீட்டரா துண்டு போட்டு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா போட்டு கூட்டுங்க.

இனி எத்தன நாளுங்குறது. இங்க தான் நெறைய பேரு குணகம், காரணின்னு பயந்து ஓடுறாங்க, நான் ஒரு நேர்வழி சொல்றேன். லேப் டயல் ரீடிங்க எடுங்க, நேரத்துக்கு வர்க்கமூலம் போட்டு கீழ் அச்சுல வச்சு கிராஃபு போடுங்க. ஆரம்பத்துல நேர்கோடா எறங்கும். அந்த நேர்கோட்ட நீட்டி, அதே எடத்துல ஆரம்பிச்சு கீழ் அச்சு தூரத்த 1.15 மடங்கா வச்சு இன்னொரு கோடு கிழிங்க, அது வளைவ வெட்டுற எடம் 90 சதவீதம் முடிஞ்ச நேரம். டெய்லர் முறைன்னு பேரு. நம்ம சாம்பிளுக்கு வெட்டுற எடம் 6.7-ல வந்துச்சுன்னு வைங்க, வர்க்கம் எடுத்தா 45 நிமிசம். 25-ல இருந்து 50, 50-ல இருந்து 100, இந்த ரெண்டு பார கட்டத்துல வர்றத மட்டும் எடுங்க, 800 கிலோபாஸ்கல்ல வர்றது நமக்கு எதுக்கு.

அந்த 20 மில்லிமீட்டர் சாம்பிளுக்கு மேலயும் கீழயும் கல்லு இருக்கு, அப்ப நடுவுல இருக்க தண்ணி வெளிய வர அதிகபட்சம் 10 மில்லிமீட்டர் நடக்கணும். சைட்டுல 3 மீட்டர் களிக்கு மேலயும் கீழயும் மணல், நடுத் தண்ணி 1500 மில்லிமீட்டர் நடக்கணும். 150 மடங்கு தூரம். நேரம் தூரத்தோட வர்க்கத்துல போகும், 150 பெருக்கல் 150, 22,500 மடங்கு. 45 நிமிசத்த 22,500-ஆல பெருக்குனா 10,12,500 நிமிசம், 703 நாள். ரெண்டு வருசத்துக்கு கொஞ்சம் கம்மி. முடிஞ்சது, வேற சூத்திரமே வேணாம். பாதி எறங்க எவ்ளோ நாளுன்னா 90 சதவீதத்துக்கு 0.848, 50 சதவீதத்துக்கு 0.197னு கால எண் (எவ்ளோ பங்கு எறங்க எவ்ளோ நேரம்னு டெர்சாகி கணக்குல வர்ற எண்) இருக்கு, 703-ஐ அந்த விகிதத்துல கொறைச்சா 163 நாள், அஞ்சர மாசம்.

ஆக ஆவணியில மண்ணடிச்சு, மழை பாத்து, தை மாசம் கடக்கால் தோண்டுனா மேஸ்திரி வாக்குப்படி எல்லாம் சரி, ஆனா 149-ல பாதி தான் எறங்கியிருக்கு. மீதி 75 மில்லிமீட்டர் வீட்டோட சேந்து எறங்கும், அதோட வீட்டோட 56-ம் சேந்துக்கும். 75 வரைக்கும் தான் அனுமதி, இங்க 131 ஆயிருச்சு.

கீழ மணலுக்கு பதிலா கெட்டிக் களியோ பாறையோ இருந்தா தண்ணிக்கு மேல் வழி மட்டும் தான், நடக்குற தூரம் ரெட்டிப்பு, நேரம் நாலு மடங்கு, ஏழே முக்கால் வருசம். போர்ல களிக்கு கீழ ஒரு மீட்டர் பாருங்கன்னு சொன்னது இதுக்குத் தான். நடுவுல ஒரு மணல் கோடு மனை பூரா ஓடுச்சுன்னா நேரம் கால்வாசி ஆயிரும், ஆனா அது நெசமாவே பூரா ஓடுதா இல்ல ஒரு போர்ல மட்டும் தெரிஞ்ச திட்டான்னு ரெண்டு மூணு போர் போட்டாத் தான் சொல்ல முடியும்.

நேரத்த கொறைக்க வழி இருக்கான்னா இருக்கு. நம்ம பக்கத்துக்கு சரியா வர்றது மேல் பாரம் வைக்கிறது. 1.5 மீட்டருக்கு மேல இன்னும் ஒரு மீட்டர் கிராவல தற்காலிகமா கொட்டுங்க. இப்ப 45 கிலோபாஸ்கல், முடிவுல 214 மில்லிமீட்டர் எறங்கப் பாக்கும், ஆனா நமக்கு 149 போதும், அது 214-ல 70 சதவீதம், கால எண் 0.403, நாளா மாத்துனா 334. பதினோரு மாசத்துல வேல முடிஞ்சு, மேல இருக்க ஒரு மீட்டர எடுத்து அடுத்த மனைக்கு வித்துரலாம். இந்த 70 சதவீதம்ங்குறது சராசரி, களியோட நடு வயிறு இன்னும் பின்தங்கி தான் இருக்கும், அதனால ஒண்ணு ரெண்டு மாசம் சேத்து விடுங்க. பெரிய ரோடு வேலைக்கு பிளாஸ்டிக் வடிகால் பட்டைய ஒரு மீட்டர் இடைவெளியில களிக்குள்ள குத்தி எறக்குவாங்க, தண்ணி நடக்குற தூரம் அரை மீட்டரா ஆயிரும், ஒரு வீட்டுக்கு அந்த மெஷின கொண்டு வர்றது கட்டுபடியாகாது. களி ஒரு மீட்டர் கூட இல்லன்னா தோண்டி எடுத்துட்டு மணல் நெரப்பிருங்க, கணக்கே வேணாம். இன்னொண்ணு, மண்ணே அடிக்காம ப்ளிந்த் பீம் மேல தரைய தூக்கி நிறுத்தலாம், அடியில காத்தாட விட்டுறலாம், கிராவல் காசு மிச்சம், 149-ம் மிச்சம், ஆனா நம்மாளுக்கு வீட்டுக்கு அடியில வெத்தெடம் இருந்தா மனசு ஒப்பாது, பாம்பு வரும்பாங்க.

பைல் (ஆழத்துக்கு எறக்குற கான்கிரீட் தூண்) போட்டா தப்பிச்சோம்னு நெனைக்காதீங்க. புதுசா மண்ணடிச்ச எடத்துல பைல் எறக்குனா, எறங்குற களி பைல கட்டிப் பிடிச்சு கீழ இழுக்கும், அந்த இழுவைய டிசைன்ல சேக்கணும். கரிசலுக்கு போடுற, அடியில குமிழா அகலப்படுத்துன பைல அப்படியே இங்க போடுறவங்களும் இருக்காங்க, தண்ணிக்குள்ள இருக்க மணல்ல குமிழ் வெட்டுனா நிக்காது, சரிஞ்சிரும்.

எல்லாம் முடிஞ்ச பெறகும் கொஞ்சம் எறங்கும், தண்ணி வெளியேறி முடிச்சாலும் துகள்கள் தங்களுக்குள்ள நழுவி ஒக்காரும். நம்ம களிக்கு அமுங்கு குறியீட்டுல 4 சதவீதம் எடுத்தா 2 வருசத்துல இருந்து 20 வருசத்துக்குள்ள 22 மில்லிமீட்டர் கிட்ட வரும். அலையாத்தி சேறு மாதிரி மக்கு கலந்த களின்னா இதவிட கூட. அதே மாதிரி பக்கத்துல பெரிய போர் போட்டு தண்ணிய உறிஞ்சி மட்டம் ஒரு மீட்டர் நிரந்தரமா கீழ போச்சுன்னா, மேல ஒண்ணுமே வைக்காம 10 கிலோபாஸ்கல் ஏறுன மாதிரி, மிதப்பு போயிருதுல்ல.

கணக்கு போட்டாச்சு, இனி அது நெசமான்னு பாக்கணும், பெரிய செலவில்ல. ரெண்டு அடி சதுரத்துல ஒரு இரும்புத் தகடு, நடுவுல ஒரு கம்பிய வெல்டு வச்சு, மண்ணடிக்கிறதுக்கு முன்னாடி பழைய தரை மேல வச்சிருங்க, கம்பி மட்டும் கிராவலுக்கு மேல எட்டிப் பாக்கணும், சுத்தி ஒரு பிவிசி பைப்ப சொருகிட்டா கிராவல் உரசாது. லெவல் மெஷின்ல, மெஷின் இல்லன்னா தண்ணி ட்யூப்ல, மாசம் ஒரு தடவ ரீடிங். ஒப்பிட ஒரு புள்ளி வேணும், அது மண்ணடிச்ச எடத்துல இருந்து நல்லா தள்ளி இருக்க பழைய கிணத்துச் சுவரா இருக்கட்டும், பக்கத்து வீட்டு படிய வச்சீங்கன்னா அதுவும் சேந்து எறங்கும். டிப்பர் டிரைவர்கிட்ட அந்தக் கம்பிய காட்டி சொல்லி வைங்க, ரிவர்ஸ்ல வந்து வளைச்சிருவாங்க, எனக்கு ரெண்டு தடவ ஆயிருக்கு.

ரீடிங் வந்துச்சுன்னா அசாவோகாங்குற ஜப்பான்காரர் 1978-ல சொன்ன வழி இருக்கு, அத கிராஃபு இல்லாமயே போடலாம். மாசா மாசம் மொத்த எறக்கம் 60, 73.5, 85, 94.5, 102.5 மில்லிமீட்டர்னு வந்துச்சுன்னு வைங்க. வித்தியாசம் 13.5, 11.5, 9.5, 8. ஒவ்வொண்ணும் முந்தினதுல கிட்டத்தட்ட 0.84 பங்கு. அப்ப இன்னும் எறங்க வேண்டியது கடைசி வித்தியாசம் 8 பெருக்கல் 0.84 வகுத்தல் 0.16, 42 மில்லிமீட்டர். 102.5-ஓட சேத்தா 144.5, நம்ம 149-க்கு பக்கத்துல தான் வருது. ஆனா வேகத்த பாருங்க, லேப் கணக்குப்படி மாசத்துக்கு மாசம் 0.91 பங்கா தான் கொறையணும், இங்க 0.84, அதாவது களத்துல களி லேப்ப விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகமா தண்ணிய விடுது, கண்ணுக்கு தப்புன மணல் கோடு எங்கயோ இருக்கு. இது நடக்குறது தான், அதனால தான் ரெண்டு வருசம்னு கணக்கு வந்தாலும் ரீடிங்க பாத்துட்டு ஒரு வருசத்துல கடக்கால் போடச் சொல்லி நான் எழுதிக் கொடுத்ததுண்டு. தலைகீழா, ஒரு வருசத்துல முடியும்னு நெனச்சது முடியாம நிறுத்தி வச்சதும் உண்டு. ரெண்டு மூணு மாச ரீடிங்க வச்சு முடிவு பண்ணாதீங்க, வித்தியாசங்க சீரா கொறையுதான்னு அஞ்சாறு மாசம் பாத்துட்டு சொல்லுங்க.

மிச்சம் 20, 25 மில்லிமீட்டர் தான்னு வந்துச்சுன்னா கட்ட ஆரம்பிக்கலாம், வாசப்படியையும் செப்டிக் டேங்க் பைப்பையும் மட்டும் கடைசிக்கு தள்ளிப் போடுங்க, படிய வீட்டோட கம்பி கட்டி சேக்காதீங்க, பைப்புக்கு சாதாரணமா குடுக்குறத விட ரெட்டிப்பு வாட்டம் குடுத்து சுவர் தாண்டுற எடத்துல ரப்பர் ஜாயிண்ட் போடுங்க. லீவுல வந்திருக்க சபுராளிங்களுக்கு நான் இப்பெல்லாம் சொல்றது: இந்த லீவுல மண்ண மட்டும் அடிங்க, தகட்ட வச்சுட்டு போங்க, மாசா மாசம் ரீடிங்க வாட்ஸப்ல அனுப்புறேன், கடக்கால் அடுத்த லீவுக்கு.